நிஞ்சுட்சு ஒரு கொலைக்கலையா?

நிஞ்சுட்சு என்பது கொலைக்கென்றே வளர்ந்த இரகசிய ஜப்பானியப் போர்க்கலை என்றும், வாள், ஈட்டி, எறிநட்சத்திரம் முதலான 18 துறைகளில் தேர்ந்தவனே நிஞ்சா என்றும் இன்று பரவலாக நம்பப்படுகிறது. ‘நிஞ்சா’ என்ற வழக்கே 20ஆம் நூற்றாண்டில்தான் உலகெங்கும் பரவியது. பழைய ஆவணங்களில் இவர்கள் பெரும்பாலும் ‘ஷினோபி’ எனப்படுகின்றனர். பொறுத்தல், மறைதல் என்னும் இரு பொருளையும் தரும் எழுத்தால் அச்சொல் எழுதப்படுகிறது. கொல்லுதல் அதன் பொருளில் இல்லை.

18 துறைகள் என்ற கணக்கு, சாமுராய்கள் எனப்படும் போர்வீரர் பொதுவாகப் பயில வேண்டியவையாகச் சொல்லப்பட்ட 18 போர்க்கலைகளின் சாயலில் அமைந்தது. வாளும் ஈட்டியும் குதிரையேற்றமும் எல்லா வீரருக்கும் உரியவையாக இருக்க, அவற்றை ஷினோபியின் தனிச்சொத்தாகக் காட்டுவது பொருந்தாது. இகாப் பகுதியைச் சேர்ந்த ஃபுஜிபாயாஷி யாசுதாக்கே 1676-இல் தொகுத்த ‘பன்சென்ஷூக்காய்’ என்னும் பெருநூல் அவ்வாறு பகுக்கப்படவும் இல்லை. அது மனத்தை நேர்ப்படுத்துவது பற்றிய பகுதியை முன்வைத்து, உருவத்தை வெளிக்காட்டியே வேறொருவராக நடித்து உட்புகும் முறையான ‘யோனின்’, உருவத்தை மறைத்து உட்புகும் முறையான ‘இன்னின்’ என்று தொழிலை இரண்டாகப் பிரிக்கிறது. பகுப்பின் அடிப்படை ஆயுதம் அன்று, நுழையும் வழியே என்பது கவனிக்கத்தக்கது.

கருவிகள் பற்றிய கருத்து இன்னும் தவறானது. நத்தோரி மசாசுமி 1681-இல் எழுதிய ‘ஷோனின்கி’, ஷினோபி உடன் கொண்டுசெல்ல வேண்டியவையாக ஆறு பொருள்களைக் குறிக்கிறது: முகத்தை மறைத்தாலும் எதிரில் வருபவரைப் பார்க்க இடந்தரும் பின்னல் தொப்பி, கொக்கி கட்டிய கயிறு, குறிப்பெழுதவும் அடையாளமிடவும் ஒரு கற்கோல், மருந்து, மூன்றடித் துணி, நெருப்பு மூட்டுவதற்கான மூங்கில் குழல். நெடுவழி நடக்கும் எந்த யாத்திரிகனின் மூட்டையிலும் ஏறத்தாழ இவையே இருக்கும்; காவலன் பிரித்துப் பார்த்தாலும் ஐயுறுவதற்குக் கயிறு ஒன்றைத் தவிர அதிகம் இல்லை. இந்த ஆறில் ஆயுதம் ஒன்றுகூட இல்லை.

கறுப்பு முகமூடியுடைக்கும் இதே விடைதான். ஷோனின்கி தரும் நிறப் பட்டியலில் பழுப்பு, கருநீலம் ஆகியவற்றோடு கறுப்பும் இடம்பெறுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை பரிந்துரைக்கப்படுவது இருளில் கரைவதற்காக அன்று, ஊரில் பலரும் உடுத்துவதால் கூட்டத்தில் கலந்துவிடலாம் என்பதற்காகவே. முழுக் கறுப்புக் கோலம் ஓவியத்திலும் மேடையிலும் நிலைபெற்றது: ஓவியர் ஹொக்குசாய் 1817-இல் வரைந்த கயிறேறும் உருவம் ஒரு சான்று. கபுகி நாடகத்தில் கறுப்புடுத்து மேடைப் பொருள்களை நகர்த்தும் ‘குரோகோ’ என்னும் உதவியாளர், பார்வையாளரின் கண்ணுக்குப் ‘படாதவர்’ என்ற மரபும் இதற்குத் துணைசெய்திருக்கலாம். மாறுவேடம் என்றாலோ, புல்லாங்குழல் ஊதும் கொமுசோத் துறவி, மலைத்தவசி, வணிகர், வித்தைக்காரர் என ஏழு கோலங்களை வகுத்த மரபு, சாதாரண மனிதர் என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

சாமுராய்க்கு எதிரான ஏழைக் கலகக்காரரே நிஞ்சாக்கள் என்ற வாதத்திற்கு நெடிய மறுப்புத் தேவையில்லை. இகாவிலும் அண்டைப் பகுதியான கோகாவிலும் இத்தொழிலை வளர்த்தவர்களுள் பலர் சிறுநிலம் வைத்திருந்த உள்ளூர்ப் போர்வீரர்கள். இகாவை 1581-இல் போர்த்தலைவர் ஓதா நொபுநாகா பெரும்படையை அனுப்பி அழித்தார். நிஞ்சாத் தலைவராகக் கொண்டாடப்படும் ஹத்தோரி ஹன்சோ, பின்னாளில் ஷோகுன் என்னும் படைத்தலைமை ஆட்சியாளரான டோக்குகாவா இயேயாசுவிடம் இகா வீரரை நடத்திய ஒரு சாமுராய். அவர் புகழ் ஈட்டியால் வந்தது.

இக்கைநூல்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. பன்சென்ஷூக்காய் எழுதப்பட்டபோது ஓசாக்காவின் கடைசிப் பெரும்போர் முடிந்து 60 ஆண்டுகள் கடந்திருந்தன. அதில் வரையப்பட்டுள்ள ‘மிசுகுமோ’ என்னும் நீர்கடக்கும் மரவளையத்தைக் காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு நீரின்மேல் நடக்க எந்த மனிதராலும் இயலாது. உட்கார்ந்து மிதப்பதற்கான கருவி அது என்ற விளக்கமே ஏற்கத்தக்கது. இருப்பினும் அந்நூலை எழுதியவர்களும் காத்தவர்களும் அதில் எதைத் தம் தொழிலாகக் கண்டார்கள் என்பதில் ஐயமில்லை. அமைதிக்காலத்தில் பிழைப்புத் தேய்ந்த கோகாக் குடும்பத்தினர், 1789-இல் ஷோகுன் அரசிடம் ஆதரவு கேட்டு மனுச் செய்தபோது, தம் தகுதிக்குச் சான்றாக அந்நூலின் படியையே கையளித்தனர்.