மாங்கனிக் கண்காட்சியில் மெழுகுக்கு ஓர் அரங்கு

தாய்லாந்தின் உபோன் ராட்சதானி நகரில், புத்தத் துறவிகளின் மழைக்கால நோன்பு தொடங்கும் நாளை ஒட்டி, பெரும்பாலும் ஜூலை மாதத்தில், மெழுகுவர்த்தித் திருவிழா நடக்கிறது. மழைக்காலம் முழுவதும் விகாரையில் தங்கிப் படிக்கும் துறவிகளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஊரார் மெழுகுவர்த்தி கொடுத்ததில் தொடங்கியது அந்த வழக்கம். இன்று தேரளவு மெழுகுச் சிற்பங்கள் அங்கே வீதி உலா வருகின்றன. வெளிநாட்டுச் சிற்பிகளை அழைத்துப் பன்னாட்டு மெழுகுச் சிற்பப் போட்டியும் நடத்தியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியில் இப்படி ஒரு போட்டியை நடத்த வேண்டும். இது சுற்றுலாக் கணக்குக்காகச் சொல்வதல்ல. இந்த மாவட்டத்தில் மெழுகோடு பழகும் கைகள் ஏராளம்; அவற்றை ஊர் இதுவரை பார்த்ததில்லை.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் வளர்ந்த, இதே மாவட்டத்து ஓசூரை மோட்டார் வாகனங்களின் ஊராகவே வெளியார் அறிவார்கள். டைட்டனின் கைக்கடிகார ஆலையும் நகை ஆலையும் இங்கேதான் இருக்கின்றன. வார்ப்பு நகைத் தொழிலில் ஒரு மோதிரம் முதலில் மெழுகாகத்தான் பிறக்கிறது. ரப்பர் அச்சில் உருகிய மெழுகைச் செலுத்தி எடுத்த உருக்களை ஒரு மெழுகுத் தண்டைச் சுற்றிக் கிளைபோல ஒட்டுவார்கள். அதற்குப் பட்டறையில் ‘ட்ரீ’ என்று பெயர். அதன்மேல் ஜிப்சம் சாந்து ஊற்றி இறுகியதும் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் தங்கம் நிரம்பும். நுணுக்கமான இயந்திரப் பாகங்களை வார்க்கும் ஆலைகளிலும் இதே தத்துவம்தான்; ஜிப்சம் சாந்துக்குப் பதில் பீங்கான் குழம்பு. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துச் சிலையை வடித்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிப் பஞ்சலோகம் ஊற்றுவதும் இதுவேதான். மெழுகுவார்ப்பு முறையை விரிவாக எழுதிவைத்த ‘மானசோல்லாசம்’ 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணியை ஆண்ட சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரனின் நூல். ஆக, கர்நாடக எல்லைக்கு அந்தப்பக்கம் எழுத்தில் நின்றது, இந்தப்பக்கம் கைத்தொழிலாக நின்றது. இரண்டும் சந்திக்க ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் எது?

ஆனாலும் வேலை முடிந்தபின் மெழுகு இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவது தங்கமும் வெண்கலமும்தான். நகையை வாங்குகிறவர் மெழுகில் அதன் உருவைத் திருத்தியவரை நினைப்பதில்லை. ஓசூர்ப் பகுதி ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஏராளமானோர் வேலைக்கு வருகிறார்கள். மெழுகை நூலாக இழுத்துக் களிமண் உருவின்மேல் சுற்றி வார்க்கும் டோக்ரா கலை அந்த மாநிலங்களில் இன்றும் வாழ்கிறது. அவர்களை ‘வடக்கத்தி ஆள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறோம். டோக்ரா கலைஞர்கள் போட்டி மேடையில் அமரும்போது அந்தச் சொல்லின் வறுமை நமக்கே உறைக்கும்.

வெயிலில் மெழுகு நிற்குமா என்பது முதலில் எழும் கேள்வி. தேன்மெழுகு உருக 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். கோடையில் அது இளகுமே தவிர உருகாது. இளகாமல் காக்கவே குங்கிலியம் சேர்க்கிறார்கள், தண்ணீரில் போட்டு இறுக்குகிறார்கள். இரண்டாவது கேள்வி கனமானது. 2025-இல் பெங்களூரா மாங்காய் விலை சரிந்து விவசாயி தவித்தாரே, அந்த மாவட்டத்தில் மெழுகுச் சிலைக்குச் செலவா? மாங்கூழ் ஆலைகளை நம்பியிருக்கும் அந்த விவசாயிக்குத் தேவை கட்டுப்படியாகும் விலை. அதற்கு ஈடாக எந்தப் போட்டியையும் காட்டக் கூடாது. அவருக்கான பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடாமல், மெழுகை அன்றாடம் பயன்படுத்தும் நிறுவனங்கள் இந்தச் செலவை ஏற்கட்டும். தொழிலுக்கு ஆள் பழக்குவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. முப்பரிமாண அச்சு இயந்திரமே மெழுகு உருவை எடுத்துத் தருகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் உலோகம் ஓடாமல் அடைக்கும், ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்பதைக் கையால் பழகியவர் திரையிலும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். ஐடிஐ மாணவருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுக்க ஒரு வாரப் போட்டி நல்ல தொடக்கம்.

ஒன்றில் மட்டும் உபோனைப் பின்பற்ற வேண்டாம். அங்கே மெழுகே முடிவான சிற்பம். இங்கே பரிசு பெறும் உருவைக் கண்காட்சித் திடலிலேயே, மக்கள் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்க, உலோகத்தில் வார்க்க வேண்டும். நடுவர்களாக ஒரு சுவாமிமலை ஸ்தபதி, ஒரு வார்ப்பாலைப் பொறியாளர், மெழுகுப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்த ஒரு தொழிலாளி ஆகிய மூவரும் இருக்கட்டும். வார்த்த சிலையின் பீடத்தில் அந்த மெழுகைச் செதுக்கியவரின் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் அவருடைய தாய்மொழியிலும் பொறிக்கட்டும்.