மிமியின் இருமல்

'ஆபரா' என்றால் தொண்டை கிழியக் கத்துகிற சமாசாரம், நமக்கும் அதற்கும் காத தூரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பார்த்தால் அப்படியில்லை, சகோதரிகளே! பேச்சுக்குப் பதில் பாட்டாலேயே கதையை நடத்துகிறார்கள், அவ்வளவுதான். 'வள்ளி திருமணம்' நாடகத்தை விடிய விடியப் பார்த்தவர்கள் வயிற்றில் பிறந்த நமக்கு இது புரியாமல் போகுமா?

நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபராவில் நடப்பவற்றை 2006 டிசம்பரிலிருந்து படம் பிடித்துப் பல நாடுகளில் திரையிடுகிறார்கள். மும்பை நாரிமன் பாயிண்ட்டில் உள்ள என்.சி.பி.ஏ. கலையரங்கிலும் அவற்றைக் காட்டியிருக்கிறார்கள். செம்பூரில் இருக்கும் என் தங்கை, "சும்மா வாக்கா, பிடிக்கலைன்னா இடைவேளையில எழுந்து வந்துடலாம்" என்று அழைத்துப் போனாள். பாட்டு இத்தாலிய மொழியில். அர்த்தம் திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடுகிறது. என் பள்ளிக்கூட இங்கிலீஷே தாராளமாகப் போதுமாயிருந்தது.

நாங்கள் பார்த்தது 'லா போஎம்'. பூச்சீனி இசையமைத்து, 1896-ல் இத்தாலியின் டூரின் நகரில் அரங்கேறியது. பாரிஸில் ஓர் ஏழைக் கவிஞன், ரொடால்ஃபோ. குளிர் தாங்காமல் தான் எழுதிய காகிதங்களையே கணப்பில் போட்டு எரிக்கிறான் என்றால் பாருங்களேன்! பூவேலை தைத்துப் பிழைக்கும் மிமி, அணைந்த மெழுகுவத்திக்கு நெருப்புக் கேட்டு அவன் அறைக்கு வருகிறாள். காதல் பிறக்கிறது. ஆனால் அவளுக்குக் காசம்.

மூன்றாம் அங்கம்தான் என்னை உலுக்கிவிட்டது. 'என் அறையில் நெருப்புக்கூட இல்லை. என்னோடு இருந்தால் இவள் செத்துப்போவாள், பிரிந்துவிட வேண்டும்' என்று ரொடால்ஃபோ நண்பனிடம் புலம்புகிறான். ஒளிந்து நின்று கேட்ட மிமியை அவளுடைய இருமலே காட்டிக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் தோழி முஸெட்டா தன் காதுத் தோட்டை விற்று மருந்து வாங்கச் சொல்கிறாள். பலனில்லை. அரங்கில் மூக்கை உறிஞ்சாதவர்கள் குறைவு.

எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, இருமல் வந்ததும் புகுந்த வீட்டில் "கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துட்டு வா" என்று பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் தனித் தட்டு, தனி டம்ளர். வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரி மாத்திரையில் அத்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் புகுந்த வீட்டு வாசலை அப்புறம் அவள் மிதிக்கவேயில்லை.

ரொடால்ஃபோவைக் குறை சொல்ல முடியாது. காசக் கிருமியை டாக்டர் கோக் கண்டுபிடித்தது 1882-ல். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது 1943-ல். மிமியின் காலத்தில் மருந்தே கிடையாது. நமக்கு அந்தச் சாக்கு இல்லையே! நம் சென்னையிலேயே 1956-ல் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டு பிரிவுக்கும் அதே மருந்துதான். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகத்தின் வைத்திய முறையையே மாற்றியது.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பது—இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசத்துக்கு ஆறு மாத மருந்து. உடம்பு தேறிவிட்டதே என்று நடுவில் நிறுத்தக்கூடாது. இது காற்றில் பரவும் நோய், தட்டில் அல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடுங்கள், வீட்டுக் குழந்தைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்றவர்கள் தும்மினாலே கஷாயம் வைக்கிற நாம், நம் இருமலை மட்டும் புடவைத் தலைப்பில் அமுக்கிக்கொள்கிறோம். அது வேண்டாம். மருமகளோ நாத்தனாரோ இருமினால், பெட்டியைக் கட்டாதீர்கள். கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.