விரலை ஒளிக்கும் பிள்ளை

என் தம்பி தரம் 2 இல் படிக்கிறான். ஒரு மாலை அவனுடைய கணக்குக் கொப்பியோடு இருவரும் உட்கார்ந்திருந்தோம். 8 உடன் 5 ஐக் கூட்டச் சொன்னதும் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே கொண்டுபோனான்.

"ஏன் தம்பி கைய ஒளிக்கிற?"

"விரல்ல எண்ணினா ஏசுவாங்க தாத்தா."

எனக்குச் சுருக்கென்றது. அதே வயதில் விரல்விட்டு எண்ணியதற்காக அடிமட்டத்தால் கையில் அடி வாங்கியவள் நான். வலி அன்றே போய்விட்டது. "எனக்குக் கணக்கு வராது" என்று ஏழு வயதில் எடுத்த முடிவு மட்டும் போகவில்லை. சாதாரண தரப் பரீட்சை வரை என்னோடு வந்தது. உயர்தரத்தில் கலைப் பிரிவை விரும்பித்தான் எடுத்தேன் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். அது பாதி உண்மை.

விரலில் எண்ணுவது குற்றமா? பிள்ளைக்கு அதைவிட விரைவான வழி ஒன்று கிடைத்தால் விரலைத் தானாகவே விட்டுவிடும். நாம் அந்த வழியைக் கொடுக்காமல் விரலை மட்டும் பறிக்கிறோம். வழியும் அந்த விரல்களிலேதான் இருக்கிறது. மூன்றை மடக்கினால் ஏழு நிற்கும். இரண்டை மடக்கினால் எட்டு நிற்கும். பத்தை இப்படி இரண்டாகப் பிரித்துப் பிரித்துப் பழகிய பிள்ளை, 8 உம் 5 உம் என்றால் ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கிவிடும். மிச்சம் மூன்று. பதின்மூன்று.

இதில் நம் மொழி நமக்குப் பெரிய உதவி. பதின்மூன்று என்ற பெயருக்குள்ளேயே பத்தும் மூன்றும் கேட்கின்றன. 'இலெவன்', 'டுவெல்வ்' என்று சொல்லிப் பழகும் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. தமிழிலும் ஒரு பள்ளம் இருக்கிறதுதான். எண்பதுக்குப் பின்னால் வருவது தொண்ணூறு. அதன் வாலில் நூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு தம்பி நேரே நூறுக்குத் தாவியபோது வீட்டில் எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அவன் காதில் விழுந்ததைத்தானே சொன்னான்!

கூட்டலை எப்படியும் சமாளித்துவிடலாம். பிள்ளைகள் விழுவது கழித்தலில். 42 இலிருந்து 17 ஐக் கழித்தால் 35 என்று தம்பி எழுதியிருந்தான். பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு பெரிய பிழை அடையாளம். எப்படி வந்தது என்று கேட்டேன். "இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க ஏலாது என்று சொல்லித்தந்தாங்க. அதனால ஏழிலிருந்து இரண்டைக் கழிச்சன்" என்றான். கவனயீனத்தால் வந்த பிழையல்ல அது. பெரியவர்கள் சொன்ன விதியை மிகவும் ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்த பிழை. அவனுடைய வகுப்பில் இன்னும் பல பிள்ளைகள் இதையே செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெறும் பிழை அடையாளத்தால் அவர்களுக்கு என்ன விளங்கும்?

அடுத்து அந்தக் 'கடன் வாங்குதல்'. பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கச் சொன்னபோது தம்பி கேட்டான்: "தாத்தா, இதை எப்ப திருப்பிக் குடுக்கிற?" என்னிடம் பதில் இல்லை. எனக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. உண்மையில் அங்கே ஒருவரும் கடன் வாங்குவதில்லை. ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றுகிறோம், அவ்வளவுதான். கடையில் சில்லறை மாற்றுவது போல என்று சொல்ல நினைத்தேன். ஆனால், இன்றைய விலைவாசியில் ஒரு ரூபாய்க் குற்றியை அவன் கையில் எடுத்ததே அபூர்வம். முற்றத்துத் தென்னோலையில் ஈர்க்கில் கிழித்து, பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். நான்கு கட்டும் இரண்டு தனி ஈர்க்கிலும் 42. அதிலிருந்து 17 ஐ எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான். பிறகு அவனே ஒரு வளையத்தைக் கழற்றினான். மிச்சம் 25. கொப்பியில் இருந்த 35 ஐ அவனாகவே அழித்தான்.

கழித்தல் என்றாலே எடுத்துவிடுவது என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதும் போதாது. இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்பதும் கழித்தல்தான். சென்ற நோன்பு மாதத்தில் பன்னிரண்டு நோன்பு முடிந்த இரவு, பெருநாளுக்கு எத்தனை நோன்பு மிச்சம் என்று உம்மாவைக் குடைந்துகொண்டிருந்தான். நீயே கண்டுபிடி என்றேன். பன்னிரண்டிலிருந்து இருபதுக்கு எட்டு, இருபதிலிருந்து முப்பதுக்குப் பத்து என்று மேல்நோக்கி எண்ணி, "பதினெட்டு" என்றான். சற்று நேரம் கழித்து அவனே வந்து, "இருபத்தொன்பதில பிறை கண்டா பதினேழு" என்றான். யாரும் கேட்காத கணக்கு அது.

இவை எல்லாவற்றுக்கும் அன்றாடம் கால் மணித்தியாலம் போதும். ஆனால் எங்கள் வீடுகளில் நடப்பது என்ன? தரம் 5 புலமைப்பரிசிலை நினைத்துத் தரம் 2 இலேயே ரியூஷன். ஒரு தாளில் 40 கணக்கு. முதல் ஐந்தைப் பிழையான முறையில் செய்த பிள்ளை மீதி முப்பத்தைந்தையும் அதே முறையில் செய்து அந்தப் பிழையை நன்றாக மனனமாக்கிக்கொள்கிறது. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 40 ஐ முடித்தாயா என்று கேட்கும் நாம், ஒன்றையாவது எப்படிச் செய்தாய் என்று கேட்பதில்லை.

நேற்றும் ஒரு தாள் வந்தது. ஆறு கணக்குகளை ஈர்க்கிலோடு செய்தோம். அதற்குள் அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. மீதியை நானே எழுதிவிடச் சொன்னார் உம்மா. நாளைக்குப் பிள்ளைக்கு ஏச்சு விழுமே என்ற பயம் அவருக்கு. நான் எழுதவில்லை. "இந்த ஆறையும் இவன் விளங்கிச் செய்தான், மீதியை நாளை செய்வான், வகுப்பில் விரலில் எண்ண விடுங்கள்" என்று ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்தேன். காலையில் அவன் அதைப் பத்திரமாகக் கொண்டுபோனான். இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், பாடசாலை விட இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது.