பயந்த கை நோயாளியைக் காக்காது

'கண்டிப்பு இல்லாமல் நர்சிங் வராது' என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். மகளைக் கல்லூரியில் சேர்க்க வரும் அப்பா, "தப்பு செய்தால் நல்லா திட்டுங்க மேடம், நான் ஏன்னு கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். "நாங்க வாங்காத திட்டா? அதனாலதான் இன்னைக்கு எந்தக் கையைக் கொடுத்தாலும் ஐவி போடுறோம்" என்கிறார் வார்டு சிஸ்டர். படுக்கையில் நோயாளி கிடக்க, சுற்றி உறவினர்கள் நிற்க, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை அழவைப்பது பயிற்சியின் ஒரு பகுதியாகவே நடக்கிறது. அடியாத மாடு படியாது என்பதுதான் நம் நர்சிங் கல்வியின் எழுதப்படாத முதல் பாடம்.

இது தவறான நம்பிக்கை. மாணவிகளின் மனம் நோகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

பிரசவம் முடிந்த தாய்மார்கள் இருக்கும் வார்டை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி பிபி பார்க்கிறாள். கஃபைச் சுற்றிக் கட்டி, காற்றடித்து, வால்வைத் திறக்கிறாள். குழந்தைகளின் அழுகையும் பார்வையாளர் பேச்சும் கலந்த இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பில் எதுவும் பிடிபடவில்லை. மறுபடி அடித்துப் பார்க்கிறாள், அப்போதும் இல்லை. சிஸ்டரிடம் போய்ச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்: "மூணாவது வருஷம் வந்தும் பிபி பார்க்கத் தெரியலையா?" எனவே சார்ட்டில் 110/70 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்கிறாள். ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாக நிற்கும் இத்தகைய எண்களைப் பார்க்காத நர்ஸ் யாரும் இருக்க முடியாது.

அந்தத் தாய்க்கு உள்ளே ரத்தப்போக்கு தொடங்கியிருந்தால்? இளம் உடல் இழப்பைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். முதலில் நாடித்துடிப்பு ஏறும். ரத்த அழுத்தம் தாமதமாகத்தான் இறங்கும். இறங்கத் தொடங்கினால் மளமளவென்று சரியும். அந்த நேரத்தில் ஓடி வரும் டாக்டர் முந்தைய எண்களைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். அவற்றில் ஒன்றை எழுதியது பயம்.

கற்பிக்கத் தெரிந்தவர் இதே பாடத்தை வேறுவிதமாக நடத்துவார். முதலில் மணிக்கட்டு நாடியில் விரலை வைக்கச் சொல்லி, காற்றடிக்கும்போது அது எந்த இடத்தில் மறைகிறது என்று பார்க்க வைப்பார். அதற்கு மேல் 30 ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் வீதம் மெதுவாக இறக்கச் சொல்வார். ஒரே மார்புத்தகட்டிலிருந்து இரண்டு ஜோடிக் காதுக்குழாய்கள் பிரியும் டீச்சிங் ஸ்டெதஸ்கோப் ஒன்று உண்டு. அதில் ஒரு ஜோடியைத் தானும் மற்றொன்றை மாணவியும் மாட்டிக்கொண்டு, முதல் சத்தம் வந்ததும் "இதுதான்" என்பார்; சத்தம் மறையும் இடத்தையும் அப்படியே காட்டுவார். பிறகு இருவரும் தனித்தனியே அளந்து எண்களை ஒப்பிடுவார்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பெண் ஆயுளுக்கும் மறக்க மாட்டாள். திட்டும் பழக்கம் இருக்கிற பல இடங்களில் அந்த ஸ்டெதஸ்கோப் பீரோவுக்குள் பூட்டியே கிடக்கிறது.

பயம் தவறைக் குறைப்பதில்லை, மறைக்கத்தான் கற்றுத்தருகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பற்றி மருத்துவமனை வார்டுகளில் ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. காரணத்தைத் தேடியபோது, அங்கே நர்சுகள் தவறுகளை வாய்விட்டுச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள் என்ற விளக்கம் கிடைத்தது. வெளியே வந்த தவறைத்தான் திருத்த முடியும். 'எங்கள் வார்டில் தப்பே நடப்பதில்லை' என்று மார்தட்டும் இடத்தில்தான் நோயாளி கவலைப்பட வேண்டும்.

"இதுகூடவா தெரியாது?" என்ற கோபத்துக்கு அடியில் கற்றலைப் பற்றிய அறியாமையும் இருக்கிறது. நர்சிங் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர் 1984இல் வெளியான தம் நூலில், புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைவரை ஒரு நர்ஸ் ஐந்து படிகளில் வளர்கிறார் என்று காட்டினார். இருபது வருட அனுபவமுள்ள சிஸ்டர் வார்டுக்குள் நுழைந்ததுமே 'மூணாம் பெட் சரியில்லை' என்று உணர்கிறார். புதியவருக்கு மூன்றாம் படுக்கையும் ஒன்பதாம் படுக்கையும் ஒன்றாகவே தெரியும். எதைக் கவனிக்க வேண்டும், எதை விடலாம் என்பது பிடிபட அனுபவம் வேண்டும். அந்தப் பார்வையைக் கொடுக்க வேண்டியவர் சிஸ்டர். என்ன பார்த்தார், ஏன் சந்தேகப்பட்டார் என்று ஒருமுறை உரக்கச் சொன்னாலே போதும், மாணவி ஒரு படி ஏறிவிடுவாள்.

"உயிரோடு விளையாடும் தொழிலில் செல்லம் கொடுக்க முடியுமா?" என்று கேட்பார்கள். செல்லம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கை கழுவாமல் டிரெஸ்ஸிங் டிரேயைத் தொட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் சரிபார்க்காமல் ஊசியைத் தூக்கினால் கையைப் பிடிக்க வேண்டும். எட்ட வேண்டிய தரத்தில் ஓர் இம்மியும் குறைக்கக் கூடாது. அந்தத் தரத்துக்கு மாணவியைக் கொண்டுசேர்ப்பது செய்து காட்டலும் செய்ய வைத்தலும் திருத்தலும்தான். பலர் முன்னிலையில் அவமானப்பட்டவளின் மனத்தில் அவமானம் மட்டுமே தங்கும், செய்முறை தங்காது.

"நாங்கள் அப்படித்தானே வளர்ந்தோம்?" என்பவர்கள் தங்களோடு சேர்ந்து பாதியில் விட்டுப்போன தோழிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திட்டைத் தாண்டி வந்தவர்கள் தங்கள் திறமைக்கும் உழைப்புக்கும் உரிய பெருமையைத் திட்டுக்குக் கொடுக்கிறார்கள்.

திட்டு அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. மேலிருந்து வாங்கியதைக் கீழே இறக்க, கடைசியில் மிஞ்சுபவர் நோயாளிதான். பிரசவ அறையில் வலியில் கத்தும் பெண்ணிடம் நம் மருத்துவமனைகளில் பேசப்படும் பேச்சை எழுத்தில் வைக்க முடியாது. பிரசவத்தின்போது பெண்களை அவமதிப்பதும் துன்புறுத்துவதும் தடுக்கப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிக்கையே விட்டது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய லக்‌ஷ்யா திட்டமும் தாய்க்கு மரியாதையான கவனிப்பை வலியுறுத்துகிறது. மரியாதையையே பார்த்திராத மாணவி அதை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பாள்?

இந்த நம்பிக்கை இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அது எல்லோருக்கும் வசதியாக இருப்பதுதான். திட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். கற்பிக்க நேரமும் ஆளும் வேண்டும். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. ஆனால் ஆசிரியர் கல்லூரியில் ஃபைல் எழுதிக்கொண்டிருக்க, மாணவிகள் வார்டில் ஆள் பற்றாக்குறையை நிரப்பிக்கொண்டிருப்பது பல இடங்களில் சகஜம். 2021இல் வந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் திறனை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறது. செய்து பார்க்காத ப்ரொசீஜருக்கு லாக் புக்கில் கையெழுத்து விழும்வரை அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. போஸ்டிங் நேரத்தில் ஆசிரியர் வார்டில் இருக்க வேண்டும். நோயாளியைத் தொடும் முன் மேனிக்கின் என்னும் பயிற்சிப் பொம்மையில் கை பழக வேண்டும். தவறைத் தானாக வந்து சொல்பவருக்கு இன்டர்னல் மார்க் குறையக் கூடாது. மறைத்தவருக்கே குறைய வேண்டும். திருத்துவது நோயாளியின் காதுக்கு எட்டாத இடத்தில் நடக்க வேண்டும்.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கட்டடத்தை அளக்கிறார்கள், நூலகப் புத்தகங்களை எண்ணுகிறார்கள். இனி ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்: சென்ற ஆண்டு இங்கே எத்தனை மாணவிகள் தங்கள் தவறைத் தாங்களே வந்து சொன்னார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது? ஒருவரும் இல்லை என்று சொல்லும் கல்லூரிக்கு அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கைக்கு அனுமதி தரக் கூடாது.