சூரியனுக்கும் பட்டா கேட்கிறார்கள்

வெயில் எல்லாருக்கும் பொதுவாம். தண்ணியும் பொது என்றுதான் சொன்னார்கள். ஊர்க் கிணற்றில் நம்ம சனங்க குடத்தை இறக்கப் போனபோதுதான் அந்தப் பொதுவின் லட்சணம் தெரிந்தது. இப்போது முறை வெயிலுக்கு.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கோடி வீடு, 75,021 கோடி ரூபாய். மாடியில் சோலார் தகடு போட்டால் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். மீதிக்குப் பிணையில்லாக் கடன். மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்று விளம்பரம். யாருக்குக் கிடைக்கும்? தகடு தாங்குகிற கூரையோடு சொந்த வீடு வேண்டும், அதில் மின் இணைப்பு வேண்டும். சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. ரொம்பச் சமத்துவம்!

நான் கேட்கிறேன், இந்த நாட்டில் கூரை எப்போது சாதியில்லாமல் இருந்தது?

அனுப்பர்பாளையத்துக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் பித்தளை, எவர்சில்வர் பாத்திரப் பட்டறை. இன்னொரு பக்கம் பனியன் கம்பெனி. ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற சனங்க அடைவது லைன் வீட்டில். வரிசையாக அறைகள், மேலே சிமெண்ட் அட்டை, எல்லாருக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். சித்திரை வெயில் அட்டை வழியாக மண்டையில் இறங்கும். திருப்பூரில் வெயிலை அதிகம் தின்கிறவர்கள் இவர்கள்தான். ஆனால் அட்டை வீட்டுக்காரருடையது. கரண்டு இணைப்பும் அவர் பேரில். சப் மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் வைத்ததுதான் விலை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் தமிழக அரசு தருவதுகூடப் பல லைன் வீடுகளில் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. இவர்கள் எந்த மாடியில் தகடு போடுவது?

அந்த அட்டைக்கு அடியில் இடம் பிடிப்பதும் லேசில்லை. நான் வீடு தேடிய கதையைச் சொல்கிறேன். எம்.ஏ. தமிழ் என்றேன். வீட்டுக்காரருக்குச் சந்தோசம். "தமிழுங்களா, நல்லதுங்க. நீங்க என்ன ஆளுங்க?" சொன்னேன். "அடடா, நேத்துத்தான் ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாருங்க." 'வாடகைக்கு' என்ற அட்டை அடுத்த வாரமும் அங்கேயே தொங்கியது.

வாடகையை விடுங்கள், சொந்த வீடுள்ள நம் வளவுகளை எடுங்கள். பட்டா தாத்தா பேரில், மின் இணைப்பும் தாத்தா பேரில். தாத்தா செத்து எத்தனையோ வருசம். ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி மூன்று குடும்பம். 2011இல் ஜெயலலிதா அரசு சூரிய ஒளிப் பசுமை வீடு கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, ஐந்து சோலார் விளக்கு, ஆரம்பத்தில் மொத்தச் செலவு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதற்கும் பட்டா கேட்டார்கள். இன்று மூன்று கிலோவாட் தகடு போட நிழல் விழாத இடம் ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். அவர்களுக்குத் தகடு வைக்கிற மொட்டை மாடி எவ்வளவோ, நமக்கு வீடே அவ்வளவு.

பட்டா ஏன் இல்லை? வெள்ளைக்காரன் காலத்தில், 1892க்குப் பிறகு நம் பேரில் ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கே போனது? அதைக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன் இன்று நிலத்தைக் காட்டினால் மானியம் என்கிறான்.

கணக்கும் பாருங்கள். மூன்று கிலோவாட் தகடு மாதம் 300 யூனிட்டுக்கு மேல் தரும். ஒரு பேன், ரெண்டு பல்பு, ஒரு டி.வி. வைத்திருக்கிறவருக்கு அதில் என்ன வேலை? யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிற மாநிலம் இது. ஆகவே ஏ.சி. ஓட்டுகிறவருக்குத்தான் மிச்சம் அதிகம். ஏழை அட்டைக்குக் கீழே வேகிறான், அரசாங்கம் ஏ.சி.க்கு விசிறுகிறது. இது புதுசும் இல்லை. 1990களில் காற்றாலை போட்ட முதலாளிகளுக்கு முதல் வருசத்திலேயே நூற்றுக்கு நூறு தேய்மானம் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள வழி செய்தார்கள். காற்றுக்கும் மானியம் முதலாளி வழியாகத்தான் போனது.

"அப்போ சோலார் வேண்டாமா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் மின்சாரத்தையும் கவனித்தார். சனங்களை வறுமையிலிருந்து மீட்கிற கருவியாக அதைப் பார்த்தவர், அது அரசு கையில் இருப்பதா, தனியார் கையிலா என்ற கேள்வியை 1943லேயே எழுப்பினார். அவர் பிள்ளைகள் நாம் கரண்டை வேண்டாம் என்போமா?

வழி இல்லாமலும் இல்லை. இதே திட்டத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்குப் பொது உபயோகத்துக்கென்று கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், 500 கிலோவாட் வரை தருகிறார்கள். சேர்ந்து குடியிருக்கிற அவர்களுக்காக விதி வளைகிறது. சேர்ந்தே கிடக்கிற வளவுக்கு ஏன் வளையாது? ஓரிடத்தில் தகடு போட்டுப் பல மீட்டர்களில் வரவு வைக்கிற முறைக்கு டெல்லியில் 2019லேயே விதி வகுத்துவிட்டார்கள். நமது காலனிப் பள்ளிக்கூட மாடியில், சமுதாயக் கூடத்தில், ரேசன் கடையில் அரசே தகடு போடட்டும். வருகிற யூனிட்டை வளவின் ஒவ்வொரு மீட்டரிலும் கழிக்கட்டும். லைன் வீட்டுக்காரர் மானியம் வாங்கினால், குடியிருப்பவர் கட்டும் கரண்டுக் காசு குறைய வேண்டும் என்று எழுதி வாங்கட்டும். மானியம் கூரையைப் பார்த்து வரக்கூடாது, ஆளைப் பார்த்து வர வேண்டும்.

தோழர்களே, இதை மனுவாக எழுதி மின்வாரிய அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போவோம். உச்சி வெயிலில் போவோம். நிழல் கேட்டு நிற்கிற கூட்டமில்லை நாம். அந்த வெயிலில் நம் பங்கைக் கேட்கிற கூட்டம்.