எக்ஸெல் தேதியும் ஃபார்மேட் செல்ஸ் வைத்தியமும்

எக்ஸெல்லில் தேதி தப்பாகத் தெரிகிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சுற்றி இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே கஷாயத்தைத்தான் கொடுப்பார்கள். "ரைட் கிளிக் பண்ணு, ஃபார்மேட் செல்ஸ் போ, டேட் செலக்ட் பண்ணு, சரியாயிடும்." காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் அதே மாத்திரையைக் கொடுக்கும் டாக்டர் மாதிரி. அதைச் செய்து பார்த்தும் சரியாகவில்லை என்றால் பழி கேட்டவர் தலையில் விழும். "நீ தப்பா டைப் பண்ணியிருப்ப!"

அவர் தப்பாக டைப் பண்ணவில்லை. பெரும்பாலும் தப்பு அந்த மென்பொருளின் மேல்தான். அதைச் சொல்லத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எக்ஸெல்லுக்குத் தேதி என்று தனியாக ஒன்று கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1. அங்கிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வரும். 2000 ஜனவரி 1 என்பது 36526. 2007 ஜூன் 5 என்பது 39238. கண்ணுக்குத் தெரியும் 05-06-2007 என்பது அந்த எண்ணுக்குப் போட்ட சட்டை, அவ்வளவுதான். ஃபார்மேட் செல்ஸ் சட்டையை மாற்றும், ஆளை மாற்றாது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் 39238 என்று நின்றால் சட்டை இல்லாமல் நிற்கிறது என்று அர்த்தம், அதற்கு இந்த வைத்தியம் பலிக்கும். ###### என்று வந்தால் கட்டத்தின் அகலம் போதவில்லை, இழுத்துவிட்டால் தீர்ந்தது. இழுத்தும் போகவில்லை என்றால் உள்ளே இருப்பது மைனஸ் எண். இவை எல்லாம் ஜலதோஷம். இதற்காக யாரும் கோபப்பட வேண்டியதில்லை.

கோபப்பட வேண்டிய வியாதி வேறு. உள்ளே இருக்கும் ஆளே மாறிப்போவது.

நம் ஊரில் நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதம், நாள், வருடம். எக்ஸெல் எந்த வழக்கத்தைப் பின்பற்றும் என்பதைக் கோப்பு முடிவு செய்வதில்லை, எழுதியவரும் முடிவு செய்வதில்லை. அந்தக் கணினியின் விண்டோஸில் எந்த நாடு தேர்வு செய்யப்பட்டிருக்கிறதோ அதுதான் முடிவு செய்கிறது. விண்டோஸ் போட்ட புண்ணியவான் அமெரிக்கா என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால், அந்தக் கணினிக்கு 05/06/2007 என்பது மே 6.

சரி, எல்லாத் தேதியும் ஒரே மாதிரி தலைகீழானால் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம். நம் வழக்கப்படி ஒரு வருடத்தின் 365 நாளையும் எழுதிய சிஎஸ்வி கோப்பு ஒன்றை அப்படிப்பட்ட கணினியில் திறந்து பாருங்கள். 12-ஆம் தேதிக்கு மேல் உள்ளவற்றை அதனால் படிக்க முடியாது, 25-ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே. அப்படி 221 நாட்கள். அவற்றை வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிடும். 1/1, 2/2 மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாக உள்ள 12 நாட்கள் தப்பிக்கும். மீதி 132 நாட்கள்? சத்தமே இல்லாமல் வேறு நாளாக மாறி, லட்சணமாக வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒரு சிவப்புக் கோடு கிடையாது. மேலும் கீழும் பார்ப்பவருக்கு இடது ஓரத்தில் இருப்பதுதான் கெட்டுப்போனதாகத் தெரியும். உண்மையில் அதுதான் அப்படியே இருக்கிறது! சரியாகத் தெரிவதுதான் கெட்டது.

இப்போது ஃபார்மேட் செல்ஸ் வைத்தியர் வருகிறார். டேட் என்று போடுகிறார். இடது ஓரத்து எழுத்து அசையவே இல்லை, அது எண்ணே இல்லையே. வலது ஓரத்துத் தப்புத் தேதிகளோ இன்னும் அழகான சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். நோயாளிக்கு வைத்தியத்துக்கு முன்னாலாவது கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இப்போது அதுவும் போச்சு :-)

"உபயோகிப்பவன் கவனமாக இருக்க வேண்டும்" என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். கவனமாக இருந்தவர்களின் கதை ஒன்று இருக்கிறது. மரபணு ஆராய்ச்சியாளர்களைவிடக் கவனமானவர்கள் வேண்டுமா? மனித மரபணுக்களில் செப்ட்2, மார்ச்1 என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. மார்ச் மாதத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, சுருக்கப் பெயர் அப்படி அமைந்துவிட்டது. எக்ஸெல்லில் போட்டால் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று ஆகிவிடும். 2004-லேயே பிஎம்சி பயோஇன்ஃபர்மேடிக்ஸ் இதழில் இதை எழுதி எச்சரித்தார்கள். 2016-இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு, எக்ஸெல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகச் சொன்னது. 2021-இல் இன்னும் அதிகக் கட்டுரைகளைப் பார்த்தபோது அது சுமார் 30 சதவீதம். எச்சரித்து 17 வருடம் கழித்து!

இதற்கு என்ன தீர்வு கண்டார்கள் தெரியுமா? 2020-இல் மரபணுவின் பெயரை மாற்றினார்கள். செப்ட்2 என்பது செப்டின்2 ஆயிற்று. மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 ஆயிற்று. பெயர் சூட்டும் குழுவைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் எத்தனை நாள்தான் காத்திருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், செருப்பு சின்னதாக இருக்கிறது என்று காலை வெட்டிக்கொண்ட கதை இது. அதைப் பார்த்தும் "உபயோகிப்பவன் கவனமாக இருக்க வேண்டும்" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. மளிகைக்கடைக் கணக்கு எழுதுபவர் 15/8 என்று அடித்ததும் அது தானாகத் தேதியாவது வசதிதானே? வசதிதான். கையால் அடிக்கும்போது யூகிக்கட்டும், அடிப்பவர் கண் அங்கேயே இருக்கிறது, மாறினால் பார்ப்பார். பத்தாயிரம் வரி உள்ள கோப்பைத் திறக்கும்போது யூகிப்பது அப்படியா? வெறுமனே பார்க்கத்தான் திறந்தார்கள். பார்த்துவிட்டுப் பழக்கதோஷத்தில் சேவ் அமுக்கினால் மாறியது கோப்பிலேயே ஏறிவிடும், மூலம் காலி. 4/7 என்ற வீட்டுக் கதவு எண் ஜூலை மாதத்தில் ஒரு நாளாகிவிடும், தபால்காரர் தேட வேண்டியதுதான். வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதினால் இன்னொரு கூத்து. 29 வரைக்கும் 2000-த்தில் சேர்த்துவிடும், 30-இலிருந்து 1900-த்தில். 1929-இல் பிறந்த பாட்டியை 29 என்று எழுதினால், பாட்டி 2029-இல்தான் பிறக்கப் போகிறார். வயது மைனஸில் வரும்.

பழைய பிழையைக் காப்பாற்றுவதில் மட்டும் இந்த மென்பொருளுக்கு அபார அக்கறை. 1900 லீப் வருடம் இல்லை. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 அதை லீப் வருடம் என்று எண்ணிவிட்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்ஸெல்லும் அதே தப்பை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் 60 என்று போட்டுத் தேதியாக மாற்றினால் 1900 பிப்ரவரி 29 என்று, பிறக்காத ஒரு நாளைக் காட்டும். மேக் கணினிக்காரர்கள் 1904-இலிருந்து எண்ணினார்கள், 2011 பதிப்பில்தான் 1900-க்கு வந்தார்கள். பழைய மேக் கோப்பிலிருந்து ஒட்டிய தேதி நான்கு வருடமும் ஒரு நாளும் தள்ளித் தெரிந்தால் காரணம் அதுதான். வித்தியாசம் 1462 நாள், கூட்டியோ கழித்தோ சரிசெய்துவிடலாம்.

அந்த 132 நாள் வியாதிக்கு அவ்வளவு சுலபமான மருந்து இல்லை. முதலில் இஸ்நம்பர் என்ற ஃபார்முலாவைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டு எது எண், எது எழுத்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்திருந்தால் எண்ணாக இருப்பவற்றின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். மூலக் கோப்பு கையில் இருந்தால் அதை டபுள் கிளிக் பண்ணித் திறக்கக் கூடாது. டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, அந்தப் பத்தியை நாள்-மாதம்-வருடம் என்றோ வெறும் டெக்ஸ்ட் என்றோ சொல்லிக் கொண்டுவர வேண்டும். கூகுள் ஷீட்ஸில் என்றால் ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் அந்தத் தாளுக்கான நாட்டை மாற்றிவிட்டு அப்புறம் இறக்க வேண்டும். மூலம் இல்லை என்றால் நாளையும் மாதத்தையும் ஃபார்முலா போட்டுத் திருப்பலாம், ஆனால் மொத்தமும் ஒரே கணினி வழியாக வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால்தான். பாதி ஒருவரும் பாதி இன்னொருவரும் அடித்த பட்டியல் என்றால் ஆண்டவனாலும் பிரிக்க முடியாது. புதிதாகப் பட்டியல் தயாரிப்பவர்கள் 2007-06-05 என்று வருடத்தை முதலில் எழுதிவிட்டால் எந்த நாட்டுக் கணினியும் குழம்பாது. ஐஎஸ்ஓ 8601 என்று 1988-இலேயே இதற்குத் தரம் வகுத்தாகிவிட்டது.

2023 அக்டோபரில் ஒருவழியாக மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. ஆப்ஷன்ஸில் டேட்டா பகுதிக்குப் போனால், எழுத்தும் எண்ணும் ஒட்டி வருவதைத் தேதியாக மாற்றாதே என்று சொல்ல ஒரு டிக் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தேடிப்போய் டிக்கை எடுக்க வேண்டும், எடுக்காதவரை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். எடுத்தாலும் மார்ச்1 மாதிரி ஒட்டி வருவதற்கு மட்டும்தான் காவல். சாய்கோடு போட்ட 05/06/2007-க்கு அந்தப் பெட்டியில் இடமே இல்லை.