தங்கக் கோடு

என் புல்லட் டேங்கில் தங்கக் கோடு இருக்கிறதே, திருவொற்றியூர் தொழிற்சாலையில் கையால் இழுத்தது சார்! அது அழியக் கூடாதென்று வண்டியைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆபீசுக்கு மூன்று வருஷம் ரயிலில் தொங்கினேன். (1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்ததே எல்லையைக் காக்கும் ராணுவத்துக்கு வண்டி செய்து கொடுக்கத்தான். அதுக்குப் போய் போர்வை!)

ஒரு ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத் திணறல். புல்லட்டை உதை உதையென்று உதைத்தேன். ம்ஹூம்... பேட்டரி செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் நசுங்கின டி.வி.எஸ். 50-தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது. நான் பின்னாலேயே ஓடினேன்.

கண் விழித்ததும் அப்பா கேட்டது: "ராத்திரி அந்த உதை உதைச்சியே, வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேடா?"

இப்போது தினமும் புல்லட்தான். முதல் வாரமே, இரும்பு லாரி தெறித்த கல்லில் தங்கக் கோடு பாதியில் அறுந்தது. அன்றைக்கு மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.